வியாழனின் வழித்துணை

பௌர்ணமி பஸ்

பௌர்ணமியன்று செஞ்சியில் திருவண்ணாமலை பஸ் பிடிப்பது பெரும்பாடு. சென்னையிலிருந்து திண்டிவனம் வழியாக வரும் வண்டிகள் முன்பே நிரம்பி வழிந்துதான் வரும். செஞ்சிக்காரர்களுக்குப் படிக்கட்டு கிடைத்தால் பாக்கியம். அப்படி ஒரு மாலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். கிழக்கே நிலா எழும்பியிருந்தது, அதற்குச் சற்றுத் தள்ளி அசையாத வெளிச்சத்தோடு வியாழன். பக்கத்தில் நின்ற பையன், ஒன்பதாம் வகுப்பு இருக்கும், நான் வானத்தைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டுக் கேட்டான்:

“குருவோட ரோட்டுலயே வேற கல்லுங்களும் சுத்துதுன்னு புஸ்தகத்துல போட்டிருக்கு சார். அவ்ளோ பெரிய கிரகம், இழுத்து முழுங்கிடாதா?”

கிரிவலத்தைக் காட்டிப் பதில் சொன்னேன். 14 கிலோமீட்டர் பாதையில் லட்சக்கணக்கானவர்கள் நடக்கிறார்கள். எல்லாரும் ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே வேகத்தில் போவதால் யாரும் யாரையும் முட்டுவதில்லை. அவன் கொஞ்சம் யோசித்தான். “கிரிவலத்துல யாரும் யாரையும் இழுக்கறதில்லையே சார்?”

பஸ் வந்துவிட்டது. அவன் ஏறிவிட்டான், எனக்கு இடமில்லை. அவனுக்குச் சொல்லாமல் விட்ட பதில் இது.

கிழக்கின் ட்ராய்

பையன் சொன்ன கற்களுக்குச் செஞ்சியோடு ஒரு பெயர் உறவு உண்டு. ஆங்கிலேயர் செஞ்சியைக் ‘கிழக்கின் ட்ராய்’ என்றார்கள் என்று சுற்றுலாக் கையேடுகள் தவறாமல் சொல்லும். ட்ராய், கிரேக்கக் காவியத்தில் பத்தாண்டு முற்றுகையைத் தாங்கி நின்ற நகரம். செஞ்சியும் அதற்கு அதிகம் சளைத்ததில்லை. சிவாஜி 1677-ல் பிடித்த இந்தக் கோட்டைக்குள் அவர் மகன் ராஜாராம் 1689 இறுதியில் வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஒளரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் வந்து வளைத்துக்கொண்டார். கோட்டை விழுந்தது 1698 தொடக்கத்தில், ஏழு ஆண்டுகளுக்கும் மேல் கழித்து. அதற்குள் ராஜாராம் தப்பிப் போயிருந்தார். சுல்பிகர் கானே கண்ணை மூடிக்கொண்டார் என்று அப்போதே பேச்சு.

வியாழனின் பாதையிலேயே சுற்றும் சிறுகோள்களுக்கும் ‘ட்ரோஜன்’ என்றுதான் உலகம் முழுக்கப் பெயர். ட்ராய்ப் போர் வீரர்களின் பெயர்களை அவற்றுக்குச் சூட்டியதால் வந்தது. தமிழில் நான் அவற்றை ‘வழித்துணைக் கோள்கள்’ என்று சொல்லப்போகிறேன். வேலூருக்குப் பக்கத்து விரிஞ்சிபுரத்தில் சிவனுக்கே வழித்துணைநாதர் என்று பெயர் இருக்கும்போது, இந்தச் சொல்லுக்கு வேறு சிபாரிசு வேண்டியதில்லை.

இவற்றில் இதுவரை தெரிந்தவை பத்தாயிரத்துக்கும் மேல். எல்லாவற்றிலும் பெரியது ஹெக்டர். நீளம் 400 கிலோமீட்டரை நெருங்கும், குறுக்கே அதில் பாதி. சென்னைக்கும் மதுரைக்கும் நேர்கோடு போட்டால் எவ்வளவோ, அவ்வளவு நீளமான கல். கரியைப் போலக் கறுத்த கல்.

மூன்று மலை, மூன்று மூலை

செஞ்சிக் கோட்டை ஒற்றை மலைக் கோட்டை அல்ல. மேற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்றையும் மதில் இணைக்கிறது. மேலிருந்து பார்த்தால் கோணல்மாணலான முக்கோணம். திருவண்ணாமலைச் சாலையே இந்த முக்கோணத்துக்குள் புகுந்துதான் போகிறது, ஆகவே நம் பஸ் பையன் நான் சொல்லப்போகும் படத்தின் நடுவிலேயே பயணம் செய்திருக்கிறான்.

ராஜகிரி உச்சியில் சூரியனை வையுங்கள். சந்திரகிரியில் வியாழன். (சந்திரன் பெயர் கொண்ட மலையில் குருவை உட்காரவைப்பதற்கு ஜோசியர்கள் மன்னிக்க வேண்டும்.) கோள்கள் சுற்றுவது வடக்கிலிருந்து பார்த்தால் இடஞ்சுழியாக. அப்படியானால் சந்திரகிரியில் இருக்கும் வியாழன் கிருஷ்ணகிரியை நோக்கி நகர்கிறது. அந்தக் கிருஷ்ணகிரியில் நிற்கிறது ஹெக்டர். கோணலை நிமிர்த்தி, மூன்று பக்கமும் சமமாக்கிவிட்டால் வானத்தில் உள்ள படமே இதுதான்.

சூரியனிலிருந்து வியாழன் 78 கோடி கிலோமீட்டர். ஹெக்டர் உலவும் இடத்தின் நடுப்புள்ளிக்குச் சூரியனிலிருந்தும் 78 கோடி, வியாழனிலிருந்தும் 78 கோடி. வியாழனுக்கு 60 பாகை முன்னால் ஒன்றும் பின்னால் ஒன்றுமாக இப்படி இரண்டு புள்ளிகள் உண்டு. அவை இருக்க வேண்டும் என்று 1772-லேயே கணக்குப் போட்டுச் சொன்னவர் லக்ராஞ்சு என்ற கணித மேதை. வானத்தில் அங்கே ஏதாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது கணக்கின் அழகு, அவ்வளவுதான்.

ஏன் சமபக்க முக்கோணம்? ஒரு துலாக்கோலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு முனையில் சூரியன், மறுமுனையில் வியாழன். சூரியனின் நிறை வியாழனைப் போல 1,047 மடங்கு. ஆகவே கோல் சமநிலையில் நிற்கும் புள்ளி சூரியனை ஒட்டியே இருக்கும். எவ்வளவு ஒட்டி என்றால், சூரியனின் மையத்திலிருந்து சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டரில். சூரியனின் ஆரமே 7 லட்சம் என்பதால் அது மேற்பரப்புக்குச் சற்று வெளியே விழுகிறது. இதைத் ‘துலைப்புள்ளி’ என்போம். வியாழன் சூரியனைச் சுற்றுகிறது என்று நாம் பேச்சுக்குச் சொல்கிறோம். உண்மையில் சூரியனும் வியாழனும் சேர்ந்து இந்தத் துலைப்புள்ளியைச் சுற்றுகின்றன.

ஒரு கல், வியாழனோடு அடி பிசகாமல் அதே பன்னிரண்டு ஆண்டில் சுற்ற வேண்டுமானால், அதன்மேல் விழும் மொத்த இழுவையும் துலைப்புள்ளியை நோக்கியே இருக்க வேண்டும். அந்தக் கல்லைச் சூரியனும் இழுக்கிறது, வியாழனும் இழுக்கிறது. இரண்டும் ஒரே தொலைவில் இருந்தால் சூரியனின் இழுவை வியாழனுடையதைவிடச் சரியாக 1,047 மடங்கு. இரண்டையும் கூட்டினால் வரும் இழுவை, சூரியன்–வியாழன் கோட்டை அதே 1,047-க்கு 1 என்ற விகிதத்தில் வெட்டும். அதாவது துலைப்புள்ளியில்! தொலைவுகள் சமமாக இல்லாவிட்டால் குறி தப்பிவிடும். திசை சரி, இழுவையின் அளவும் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றுக்குப் பொருந்த வேண்டுமே என்றால், அந்தச் சமதொலைவு 78 கோடியாகவே இருக்க வேண்டும். மூன்று பக்கமும் சமம்.

இரண்டு ராசி முன்னே

தமிழ்நாட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். குருப்பெயர்ச்சி தெரியாத வீடு கிடையாது. குரு ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஓராண்டு, பன்னிரண்டு ராசிக்குப் பன்னிரண்டு ஆண்டு (துல்லியமாக 11.86). ஒரு ராசி 30 பாகை. அப்படியானால் 60 பாகை என்பது இரண்டு ராசி. குரு மிதுனத்தில் இருந்தால் முன்னணி வழித்துணைகள் சிம்மத்தை ஒட்டியும், பின்னணி வழித்துணைகள் மேஷத்தை ஒட்டியும் இருக்கும். குரு இன்று நிற்கும் இடத்தை ஹெக்டரின் கூட்டம் இரண்டு ஆண்டுக்கு முன்பே கடந்து போய்விட்டது. அவர்கள் இன்று இருக்கும் இடத்துக்குக் குரு போய்ச் சேர இன்னும் இரண்டு ஆண்டு.

ஒரு சின்னத் திருத்தம். மேலே சொன்னது சூரியனில் உட்கார்ந்து பார்த்தால். நாம் பூமியில் இருக்கிறோம். வியாழன் நள்ளிரவில் உச்சிக்கு வரும் காலத்தில் நாம் அதற்குக் கொஞ்சம் நெருக்கமாக நிற்பதால் 60 பாகை நம் கண்ணுக்கு 70 ஆக விரியும். கையை நீட்டி முட்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. வியாழனிலிருந்து கிழக்கே ஏழு முட்டி எண்ணினால் முன்னணிக் கூட்டம், மேற்கே ஏழு முட்டியில் பின்னணிக் கூட்டம். கண்ணுக்கு எதுவும் தெரியாது. எங்கே பார்க்கிறோம் என்று தெரிந்துகொண்டு ஒன்றும் தெரியாத இடத்தைப் பார்ப்பதில் ஒரு சுகம் இருக்கிறது, எனக்கு இருக்கிறது.

இழுத்தால் முந்தும்

இப்போது பையனின் கேள்வி. முக்கோணத்தின் மூலையில் சரியாக நிற்கும் கல்லுக்குச் சிக்கல் இல்லை, ஒப்புக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கல்லும் சரியாக மூலையில் நிற்காது. கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும். தள்ளியிருந்தால் வியாழன் இழுத்துக்கொள்ளாதா?

இதற்கு இரண்டு விஷயம் தெரிந்தால் போதும். முதலாவது எல்லாருக்கும் தெரிந்தது: சூரியனுக்கு அருகே சுற்றுபவை விரைந்து சுற்றும், தொலைவில் சுற்றுபவை மெல்லச் சுற்றும். புதனுக்கு 88 நாள், பூமிக்கு ஒரு வருடம், வியாழனுக்குப் பன்னிரண்டு. இரண்டாவதுதான் சறுக்கும் இடம். ஒரு பாதையில் ஓடும் கல்லைப் பின்னாலிருந்து இழுத்தால் என்ன ஆகும்? வேகம் குறையும், பின்தங்கும் என்று தோன்றும். வானத்தில் அப்படி நடப்பதில்லை. இழுத்ததும் அது தன் ஓட்டத்தின் ஆற்றலில் கொஞ்சத்தை இழக்கிறது; வெளிப் பாதையில் தாக்குப்பிடிக்க முடியாமல் சூரியன் பக்கம் இறங்கி உள்வட்டத்துக்குப் போகிறது; உள்வட்டம் வேகமான வட்டம் ஆயிற்றே, அதனால் முந்திக்கொண்டு ஓடுகிறது. முன்னால் தள்ளிவிட்டால் நேர் எதிர்: வெளியே ஏறி, மெதுவாகி, பின்தங்கும். இழுத்தால் ஓடும், தள்ளினால் நிற்கும் சண்டி மாடு!

ஒரு கற்பனைக் கல்லை எடுத்து இதைக் கணக்காகவே பார்த்துவிடுவோம். ஹெக்டரின் கூட்டத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். 1877-ல் அது வியாழனுக்குச் சரியாக 60 பாகை முன்னால் இருக்கிறது. ஆனால் வியாழனின் பாதையைவிட நூற்றில் ஒரு பங்கு உள்ளே, அதாவது 78 லட்சம் கிலோமீட்டர் சூரியன் பக்கமாக. உள்வட்டம் என்பதால் அதன் ஒரு சுற்று, வியாழனுடையதைவிட நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சீக்கிரம் முடியும். வியாழன் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் நம் கல் முழுச் சுற்றும் போய், மேலே 5 பாகை கூடுதலாகவும் போயிருக்கும். பன்னிரண்டு ஆண்டில் 5 பாகை. ஆமை வேகம்தான், ஆனாலும் இடைவெளி கூடுகிறது. 60 என்பது 65 ஆகிறது.

இங்கே துலைப்புள்ளியை மறுபடி நினைவுக்குக் கொண்டுவாருங்கள். கல் வியாழனிலிருந்து விலகியதால் வியாழனின் இழுவை இளைத்துவிட்டது. மொத்த இழுவை துலைப்புள்ளியைக் குறிவைக்காமல் அதற்குச் சற்று இந்தப் பக்கம், சூரியனின் மையத்தை ஒட்டி விழுகிறது. அந்தச் சிறு பிசகு கல்லை அதன் ஓட்டத் திசையிலேயே மெல்ல முன்னால் தள்ளுகிறது. தள்ளினால் சண்டி மாடு என்ன செய்யும்? வெளியே ஏறும், வேகம் குறையும். ஆகவே இரண்டாவது பன்னிரண்டு ஆண்டில் கூடுதல் 5 இல்லை, 4 பாகைதான். மூன்றாவதில் 2 கூட இல்லை. 1914-ஐ ஒட்டி, வியாழனுக்கு ஏறத்தாழ 71 பாகை முன்னால், கல் வியாழனின் வட்டத்துக்கே வந்துவிடுகிறது. வியாழனின் வேகமும் அதன் வேகமும் ஒன்று. இடைவெளி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆனால் தள்ளுதல் நிற்கவில்லை. கல் இன்னும் வெளியே ஏறுகிறது, இப்போது அது வியாழனைவிட மெதுவான வண்டி. வியாழன் எட்டிப்பிடிக்கத் தொடங்குகிறது. 71, 69, 65... 1952-ல் மறுபடி 60. முக்கோணத்தின் மூலைதான், ஆனால் கல் 78 லட்சம் கிலோமீட்டர் வெளியே நிற்கிறது. ஆகவே மூலையில் தங்க முடியாமல் தாண்டி, வியாழனை நோக்கி வருகிறது. பையன் பயந்த கட்டம் இதுதான்.

வியாழன் இழுக்கிறது. இப்போது அதன் இழுவை அளவுக்கு மேல்; மொத்த இழுவை துலைப்புள்ளியைத் தாண்டி வியாழன் பக்கம் சாய்கிறது. முன்னால் ஓடும் கல்லைப் பின்னாலிருந்து பிடித்து இழுப்பது போல. இழுத்தால் மாடு என்ன செய்யும் என்று நமக்குத் தெரியும். உள்ளே இறங்கும், வேகம் பிடிக்கும். 1989-ஐ ஒட்டி, வியாழனுக்கு 49 பாகை முன்னால், வேகங்கள் மறுபடி ஒன்றாகின்றன. பிறகு கல் விலகி ஓடுகிறது. 2027-ல் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும்: 60 பாகை, 78 லட்சம் கிலோமீட்டர் உள்ளே. மொத்தம் 150 ஆண்டு. நம் அறுபது வருடச் சுழற்சியில் இரண்டரைச் சுற்று.

இந்த 150 ஆண்டில் கல் வியாழனுக்கு மிக நெருங்கி வந்த தொலைவு எவ்வளவு தெரியுமா? 60 கோடி கிலோமீட்டருக்கும் மேல். முழுங்குவதற்கு வாய்ப்பே வாய்க்கவில்லை. வியாழன் இழுக்க இழுக்க அது விலகிப் போயிற்று. இழுத்ததால்தான் விலகிப் போயிற்று. வியாழனோடு சேர்ந்து சுற்றுபவர் பார்வையில் இந்தக் கல்லின் தடத்தை வரைந்தால் நீண்டு வளைந்த ஒரு தீவு மாதிரி இருக்கும். இன்னும் அதிகமாக ஆடும் கற்களின் தடம் வியாழன் பக்கம் பருத்து, மறுபக்கம் வால் நீண்டு தலைப்பிரட்டை போலவே ஆகிவிடும். வானியலாளர்களும் அந்தப் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

பெரியதன் நிறை சிறியதைப் போல 25 மடங்காவது இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிலைக்கும் என்று ஒரு நிபந்தனை உண்டு. சூரியன் 1,047 மடங்கு, தாராளம். லக்ராஞ்சு காட்டிய எல்லாப் புள்ளிகளும் இப்படிச் சௌகரியமானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். நம் ஆதித்யா-எல்1 விண்கலம் 2024 ஜனவரி 6-ல் போய்ச் சேர்ந்ததும் ஒரு லக்ராஞ்சுப் புள்ளிதான், பூமியிலிருந்து சூரியன் பக்கமாக 15 லட்சம் கிலோமீட்டரில். அங்கே நிற்பது ராஜகிரி உச்சிப் பாறையில் கோலிக்குண்டை நிறுத்துவது போல. அவ்வப்போது எரிபொருள் செலவழித்துத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். ஹெக்டருக்கு அந்தச் செலவு இல்லை.

நுங்கம்பாக்கத்திலிருந்து தெரிந்த கறுப்பு

பெரிய, கறுத்த சிறுகோள்களோடு தமிழ்நாட்டுக்கு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் எழுந்த வானாய்வகத்தின் மிச்சமாக இன்றும் பதினைந்து அடிக் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது, தமிழ்க் கல்வெட்டோடு. அந்த ஆய்வகத்துக்கு 1861-ல் வந்தவர் நார்மன் போக்சன். வந்த ஏப்ரலிலேயே ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து, இந்தக் கண்டத்திலிருந்து கண்ட முதல் சிறுகோள் என்பதால் ‘ஆசியா’ என்று பெயரிட்டார். 1866-ல் சில்வியா, 1868-ல் கமிலா. இவை இரண்டும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான சிறுகோள் பட்டையின் வெளியோரத்தில் திரிபவை, 250 கிலோமீட்டருக்குக் குறையாதவை, நன்றாகக் கறுத்தவை. ஹெக்டரின் சாயல் என்றே சொல்லலாம். எவ்வளவு பெரியவை, எவ்வளவு கறுத்தவை என்பது போக்சனுக்குத் தெரிய வழியில்லை. அவருக்கு அவை நட்சத்திர வரைபடத்தில் இல்லாத, இரவுக்கிரவு இடம் மாறும் புள்ளிகள்.

இவ்வளவு கூர்மையான கண்ணுக்கு ஹெக்டர் ஏன் அகப்படவில்லை? விடையை அவரே வகுத்த அளவுகோலால் சொல்லலாம். விண்மீன்களின் ஒளியைப் படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படிக்கும் ஏறத்தாழ 2.5 மடங்கு மங்கல் என்று 1856-ல் வரையறுத்தவர் போக்சன்தான். இன்றும் உலகம் முழுக்க அதுவே புழக்கத்தில். வெறும் கண்ணின் எல்லை 6-ஆம் படி. சில்வியா நமக்கு நெருங்கும்போது 12-ஐ ஒட்டி இருக்கும். அதே சில்வியாவைத் தூக்கி வியாழனின் பாதையில் வைத்தால்? சூரிய ஒளி இன்னும் தொலைவு போக வேண்டும், பட்டுத் திரும்பி இன்னும் தொலைவு வர வேண்டும். போகும்போதும் இளைக்கும், வரும்போதும் இளைக்கும். கணக்குப் போட்டால் 6 மடங்கு மங்கிவிடும். போக்சன் அளவில் இரண்டு படி, ஆகவே 14. ஹெக்டர் மிகப் பளிச்சென்று தெரியும் நாட்களில்கூட 14-ஆம் படியைத் தொட்டும் தொடாமலும்தான் இருக்கிறது. நம் வெறும் கண்ணின் எல்லையைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு மங்கல். தொலைநோக்கியில் கண்ணை வைத்து, வரைபடத்தோடு ஒப்பிட்டுத் தேடும் முறையில் அது பிடிபடாது.

போக்சன் 1891-ல் சென்னையிலேயே இறந்தார். அதே ஆண்டில் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் மாக்ஸ் வோல்ஃப் புகைப்படத் தகட்டைக் கொண்டு சிறுகோள் பிடிக்கும் முறையைத் தொடங்கிவிட்டார். தகட்டுக்குக் களைப்பு கிடையாது. மணிக்கணக்காக ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். இந்திய மண்ணிலிருந்து சிறுகோள் கண்டுபிடிப்பு போக்சனின் 1885-க்குப் பிறகு நூறாண்டுக்கும் மேல் நின்று போயிற்று. 1988-ல்தான் ஜவ்வாது மலைக் காவலூரில் ராஜமோகன் அந்த இடைவெளியை மூடினார். அந்தக் கோளுக்குப் பெயர் ராமானுஜன்.

எதிரி முகாமில் ஹெக்டர்

1906 பிப்ரவரி 22 அன்று வோல்ஃபின் தகட்டில் விழுந்த கீற்று மற்றச் சிறுகோள்களுடையதைவிடக் குட்டையாக இருந்தது. மெதுவாக நகர்கிறது, ஆகவே தொலைவில் இருக்கிறது. கணக்குப் போட்டபோது வியாழனுக்கு முன்னால் ஏறக்குறைய 60 பாகையில் நின்றது. லக்ராஞ்சு ஏட்டில் வரைந்த முக்கோணத்தின் மூலையில் 134 ஆண்டு கழித்து ஒரு கல் கிடைத்துவிட்டது. அதற்கு அகில்லிஸ் என்று பெயர் வைத்தார்கள். அதே ஆய்வகத்தில் ஆகஸ்ட் கோப்ஃப் அந்த அக்டோபரில் பாட்ரோக்ளஸையும், 1907 பிப்ரவரி 10-ல் ஹெக்டரையும் பிடித்தார்.

ட்ராய்ப் போர் வீரர்களின் பெயரை வைக்கலாம் என்ற யோசனை வியன்னாவின் யோகான் பாலிசாவுடையது. பிறகு ஒழுங்குக்காக, முன்னணியில் உள்ளவற்றுக்குக் கிரேக்க வீரர்கள், பின்னணியில் உள்ளவற்றுக்கு ட்ராய் வீரர்கள் என்று பிரித்தார்கள். அதற்குள் இரண்டு பேர் இடம் மாறிப்போய்விட்டார்கள். ட்ராயின் தலைமகன் ஹெக்டர் கிரேக்க முகாமில், கிரேக்கன் பாட்ரோக்ளஸ் ட்ராய் முகாமில். வானியலாளர்கள் இவர்களை ஒற்றர்கள் என்று கிண்டல் செய்வதுண்டு. செஞ்சி முற்றுகையிலும் இப்படி ஒருவர் இருந்தார். ஒளரங்கசீப்பின் மகன் காம் பக்ஷ் முற்றுகையிடும் படையோடு வந்துவிட்டு, உள்ளே இருக்கும் ராஜாராமோடு ரகசியப் பேச்சு நடத்தினார் என்ற குற்றச்சாட்டில் சொந்தத் தளபதிகளாலேயே கைது செய்யப்பட்டார்.

கறுப்பை அளப்பது

நிலா வெள்ளை என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். தன்மேல் விழும் வெளிச்சத்தில் அது திருப்பி அனுப்புவது நூற்றுக்கு 12 பங்குதான்; பழைய தார்ச்சாலை மாதிரி. கறுத்த வானப் பின்னணியில் வெளுப்பாகத் தெரிகிறது. ஹெக்டர் போன்ற வழித்துணைகள் திருப்பி அனுப்புவது பெரும்பாலும் அதில் பாதிகூட இல்லை. கறுப்பில் லேசான செம்மை கலந்திருக்கும். கரிமச் சேர்மங்கள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கதிர்கள் பட்டுப் பட்டு இப்படி ஆகியிருக்கலாம் என்பது பலரின் கருத்து.

ஒரு புள்ளி மங்கலாகத் தெரிந்தால் அது சின்னக் கல்லா, கறுத்த பெரிய கல்லா என்று எப்படிச் சொல்வது? அக்னி நட்சத்திர வெயிலில் செஞ்சிக் கோட்டைப் படிகளில் செருப்பில்லாமல் ஏறியவர்களுக்கு விடை காலில் தெரியும். சுண்ணாம்பு பூசிய தரை கண்ணைக் கூசவைக்கும், கால் பொறுக்கும். கறுத்த பாறை கண்ணுக்கு இதமாக இருக்கும், கால் வெந்துவிடும். திருப்பி அனுப்பாத வெளிச்சம் வெப்பமாகிறது. அந்த வெப்பத்தையும் சிறுகோள் அகச்சிவப்புக் கதிராக வெளியே அனுப்பித்தான் ஆக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஒளி கொஞ்சம், அகச்சிவப்பு நிறைய என்றால் கறுத்த பெரிய கல். இரண்டையும் அளந்தால் பருமன் கைக்கு வந்துவிடும். வியாழன் தொலைவில் ‘வெப்பம்’ என்பது உறைநிலைக்கு 150 பாகை கீழே இருப்பது என்பதை மறந்துவிடக் கூடாது.

உருவம் தெரிந்த கதை இன்னும் சுவையானது. ஹெக்டரின் ஒளி ஏழு மணி நேரத்துக்கு ஒரு சுழற்சியாக ஏறி இறங்குகிறது. உச்சத்துக்கும் தாழ்வுக்கும் சில காலங்களில் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வித்தியாசம். உருண்டையான கல் சுழன்றால் இவ்வளவு மாறாது. ஒரு சுரைக்காயைக் கயிற்றில் கட்டிச் சுழலவிட்டால் அகலவாட்டில் நிறையத் தெரியும், முனைப்பக்கம் திரும்பினால் கொஞ்சம் தெரியும். ஹெக்டர் அந்த மாதிரி. ஒருவேளை இரண்டு கற்கள் மெல்ல முட்டி ஒட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். 2006-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கி இன்னொன்றையும் காட்டியது. இந்த ஒற்றனுக்கு ஒரு நிலா! 12 கிலோமீட்டர் அளவில், மூன்று நாளுக்கு ஒரு சுற்று. நிலா ஒன்று கிடைத்தால் தாய்க்கல்லின் எடை தெரிந்துவிடும். அந்தக் கணக்கு காட்டிய அடர்த்தி தண்ணீரை ஒட்டியது. செஞ்சிப் பாறை தண்ணீரைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் கனம். ஹெக்டர் உள்ளே பனியும் பொந்துமாக இருக்க வேண்டும்.

பனி என்றால் வியாழனுக்கு அருகே பிறந்ததுதானா என்ற சந்தேகம் வரும். 2005-ல் ஓர் ஆய்வுக்குழு முன்வைத்த விளக்கம்: சூரியக் குடும்பத்தின் இளமையில் பெரிய கோள்கள் இடம் பெயர்ந்தன, அந்தக் கலவரத்தில் நெப்டியூனுக்கு அப்பாலிருந்து சிதறிய கற்களில் சில இந்த மூலைகளில் மாட்டிக்கொண்டன. வால்நட்சத்திரங்களின் நிறமும் இவற்றின் நிறமும் ஒத்துப்போவது இந்த விளக்கத்துக்குச் சாதகம். நான் இந்தப் பக்கம்தான் சாய்கிறேன், ஆனால் நேரில் போய்ப் பார்த்தவர் இன்னும் யாரும் இல்லை.

போய்க்கொண்டிருக்கிறது ஒன்று. நாசா 2021 அக்டோபர் 16-ல் ஏவிய லூசி விண்கலம், வழியில் 2023-லும் 2025-லும் இரண்டு சிறுகோள்களைப் படம் பிடித்துவிட்டது. 2027 ஆகஸ்டில் அது கிரேக்க முகாமுக்குள் நுழைந்து யூரிபட்டீஸ் என்ற கல்லைக் கடக்கும். 2028 முடிவதற்குள் இன்னும் மூன்று. பிறகு சூரியன் பக்கம் திரும்பி வந்து, பூமியின் ஈர்ப்பில் ஓர் உந்துதல் வாங்கிக்கொண்டு, 2033-ல் ட்ராய் முகாமில் பாட்ரோக்ளஸை, அதாவது இன்னொரு ஒற்றனைப் பார்க்கும். ஹெக்டர் அதன் வழியில் இல்லை. அதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நல்ல தொலைநோக்கியில் கேமராவைப் பொருத்தி, வியாழனுக்குக் கிழக்கே ஏழு முட்டி தள்ளி, ஏழு மணி நேரம் விழித்திருக்க வேண்டும். புள்ளி ஏறும், இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். இரண்டு முறை, ஏனென்றால் சுரைக்காய்க்கு அகலப் பக்கமும் இரண்டு, முனையும் இரண்டு.